வெள்ளம், ஒரு கிலோ

செல்வினுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.
தாராவியில் பிறந்து நகராட்சிப் பள்ளியில் இந்தி படித்தவன்.
எனக்கு நாசரேத்தில் படித்த தமிழ்.
வாக்கப்பட்டு வந்த இரண்டு வருடத்தில்
காய்கறி விலை கேட்கும் வரைக்கும்
இந்தியில் தேறியிருக்கிறேன்.

அதனால்தான் அந்த ஆப்.
கொழுந்தன் இறக்கிக் கொடுத்தான்.
வீட்டிலிருந்து நான் எழுதினால்
மாஹிமில் டெம்போ ஓட்டுகிறவன் போனில் போய் விழும்.
ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால்
ஒரு பெண் வாசிப்பாள்,
துவரம்பருப்பு எந்த நடைமேடைக்கு வருகிறது
என்று அறிவிப்பதுபோல.
வாங்கியதைத் தொட்டால் கோடு விழும்,
சாம்பலாகி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
அவ்வளவுதான் அதன் வேலை.
கணக்குப் பார்க்காது. கடன் சொல்லாது.

அவன் சொல்ல அது எழுதும்போதுதான் வேடிக்கை.
சிக்னலில் ஹாரன்களுக்கு நடுவே கத்துவான்.
புளி என்றால் புலி. கால் கிலோ புலி.
கடுகு, கதவு ஆகும். ஐம்பது கிராம் கதவு.
உளுந்து விழுந்துவிட்டது.
பெருங்காயத்தை இரண்டாக உடைத்து
பெரும் காயம் என்றது; சின்ன டப்பா.
ஜூலையில் ஒரு நாள்
கீழ்வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியையும் கேஸ் சிலிண்டரையும்
எங்கள் ஏணியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது
போன் துடித்தது:
வெள்ளம், ஒரு கிலோ.
வந்தாயிற்று என்று கோடு போட்டேன்.
முழங்கால் வரை நனைந்து வந்தவன் கையில்
அன்றைக்கு வெல்லம் இல்லை.

பிறகு சீட்டுப் பணம்.
என்னிடம் சொல்லாமல் எடுத்து டயர் மாற்றினான்.
நாலு நாள் பேச்சில்லை.
லிஸ்ட் மட்டும் நடந்தது.
உப்பு. துணி சோப்பு. கோதுமை மாவு.
ஐந்தாம் நாள்,
அவனுக்குத்தான் படிக்கத் தெரியாதே என்ற தைரியத்தில்
சீயக்காய்க்கும் ரவைக்கும் நடுவே எழுதினேன்:
கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, பாவி.
எவ்வளவு? என்றது ஆப்.
எதைச் சேர்த்தாலும் கேட்கும்.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அந்தப் பெண்ணை மறந்துபோனேன்.

தொண்ணூறடிச் சாலை. ஹீர்ஜி பாய் கடை. சாயங்கால நெரிசல்.
இரண்டு கையிலும் பை, போனைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து
சத்தத்தைக் கூட்டியிருக்கிறான்.
சீயக்காய். நூறு கிராம்.
கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, பாவி.
ரவை. அரை கிலோ.
அதே குரல், அதே நிதானம்.
முப்பது வருடமாகத் தமிழ்ச் சனத்துக்கு நிறுத்துப் போடுகிற ஹீர்ஜி பாய்
பொட்டலம் மடிக்கிற கையை நிறுத்தி,
“நடுவுல சொன்னது நம்ம கடையில இல்ல தம்பி”
என்றாராம்.
பின்னால் நின்ற ஜெபக்கனி அக்கா
அவனுக்கு முன்பே ஓடிவந்து சொன்னாள்,
சிரிப்பில் பாதி வார்த்தை போக.

அடுப்பைத் தணித்துவிட்டுப் போனை எடுத்தேன்.
சீயக்காய் சாம்பல். ரவை சாம்பல்.
என் வரி மட்டும் கறுப்பாகவே நின்றது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே ஒன்று முளைத்தது.
தெருவிலிருந்து அவன் எதையோ சொல்லியிருக்கிறான்,
அது எதையோ எழுதியிருக்கிறது:

மண் இஞ்சி இரு.
எவ்வளவு? ஆறாயிரம்.

இரண்டு தடவை வாய்விட்டுப் படித்த பிறகுதான்
பிடிபட்டது.

அதற்கு நான் இன்னும் கோடு போடவில்லை.
மாதம் ஐநூறு, சம்பளத்தன்று, சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைக்கிறான்.
கட்டத்தில் எண்ணை மட்டும் மாற்றுகிறேன்.
இப்போதைக்கு
மண் இஞ்சி, ஐயாயிரத்து ஐநூறு.